சோளகத்துக்குள் வலைப்பந்து

தோட்டவெளிப் பக்கம் பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்து பழக்க வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, உயரமான பிள்ளையைத் தேடி அலையாதீர்கள் என்பதுதான்.

வடக்கில் இந்த விளையாட்டு என்றால் எல்லோர் மனதிலும் தர்ஜினி சிவலிங்கம் நிற்கிறார். புன்னாலைக்கட்டுவன் பக்கத்துப் பிள்ளை, ஆறடி பத்து அங்குலம். 2018இலும் 2022இலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணிகளில் வளையத்துக்குக் கீழே நின்றவர். அவரைப் பார்த்த பிறகு ஒவ்வொரு பள்ளிக்கூடமும் வகுப்பிலேயே நெட்டையான பிள்ளையைப் பிடித்து ஜி.எஸ். (கோல் ஷூட்டர்) பிப்பைப் போட்டுவிட்டு, "தூக்கி எறிஞ்சா அவள் பிடிப்பாள்" என்று மற்ற ஆறு பேருக்கும் சொல்லிவிடுகிறது. கொழும்பில் உள்ளரங்கில் அது சரிவரும். எங்கள் மன்னார்த் தீவில் வைகாசி பிறந்து சோளகக் காற்று எழும்பினால் சரிவராது.

தீவின் தெற்குக் கரையில் 30 காற்றாலைகளை நட்டு 2020 மார்கழியில் திறந்துவைத்தார்கள். அவற்றைப் பற்றி ஊரில் நடக்கும் சண்டை வேறு கதை. ஆனால் இங்கே காற்று எப்படி அடிக்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அரைக் கிலோவும் இல்லாத பந்தைத் தலைக்கு மேலே தூக்கி எறிந்தால் அது போய்ச் சேருகிற இடத்தைக் காற்றுத்தான் தீர்மானிக்கும். கூடைப்பந்தில் வளையத்துக்குப் பின்னால் பலகை இருக்கிறது, பிசகினாலும் பட்டுத் திரும்பும். வலைப்பந்தில் வெறும் கம்பமும் வளையமும்தான்.

ஆகவே போட்டிக்கு முந்திய பயிற்சிக் காலத்தை நான் இரண்டு விஷயங்களுக்கே செலவழிக்கிறேன்: கால், குறும் பாஸ்.

கால் ஏன் முதலில் என்றால், இது ஓட்டத்தை நிறுத்தத் தெரிந்தவர்களின் விளையாட்டு. 1891இல் நெய்ஸ்மித் அமெரிக்காவில் கூடைப்பந்தைத் தொடங்கிய சில வருடங்களிலேயே அது இங்கிலாந்துப் பெண்களிடம் போய், மெல்ல மெல்ல வேறொரு விளையாட்டாக மாறியது. அந்த மாற்றத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது போய்விட்டது. பிடித்தால் நிற்கவேண்டும், மூன்று விநாடிக்குள் கைவிடவேண்டும், ஊன்றிய காலை எடுத்து மறுபடி ஊன்றினால் 'ஸ்டெப்ஸ்' என்று விசில். (இதை வெளிநாட்டுக்காரரின் விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: நாட்டுக்கு நாடு வேறுபட்ட விதிகளை ஒன்றாக்க 1960இல் அவர்கள் கூடியது இலங்கையில்தான்.) ஓடிவந்து, காற்றில் எழும்பி, பிடித்து, சட்டென்று நிற்பது: ஒரு மட்சில் சென்ரர் விளையாடும் பிள்ளை இதை எத்தனை தரம் செய்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள். முழங்கால் போவது அந்த இடத்தில்தான். பருவமடைந்த பெண்பிள்ளைகளுக்கு முழங்காலுக்குள் இருக்கும் சிலுவைத் தசைநார் கிழியும் ஆபத்து அதே வயதுப் பையன்களைவிடக் கூட. நியூசிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் வலைப்பந்துச் சங்கங்கள் இதற்கென்றே தரையிறங்கும் பயிற்சிகளை வகுத்து வைத்திருக்கின்றன.

எங்களிடம் பயிற்சிக்கூடம் இல்லை, மணல் இருக்கிறது. முதல் இரண்டு கிழமையும் மணலில்தான். ஒரு பிள்ளை எழும்பிப் பிடிப்பாள், இறங்கி அப்படியே உறைந்து நிற்பாள். சோடி வாய்விட்டு "ஒண்டு, ரெண்டு" என்று எண்ணிக்கொண்டு முழங்காலைப் பார்ப்பாள். முழங்கால் பெருவிரலுக்கு உள்ளே சாய்ந்தால் கணக்கில்லை, திரும்ப எழும்பவேண்டும். இரண்டு காலில் இறங்கப் பழகிய பிறகு ஒற்றைக் கால், அதற்குப் பிறகு இறங்கும்போது தோளில் ஒரு சின்னத் தள்ளல். பிள்ளைகளுக்கு இது அலுப்புத் தட்டும். அதனால் இருபது நிமிசத்துக்கு மேல் இழுப்பதில்லை. வெறுங்காலோடு விடுவதென்றால் முதலில் நெருஞ்சியும் பனங்கருக்கும் சிப்பி உடைசலும் பொறுக்கவேண்டும். அதையும் அவர்களையே செய்யவைக்கிறேன், உடம்பு சூடேற அதுவே போதும்.

ஆனால் மணலிலேயே கிடக்கவும் கூடாது. போட்டி நடப்பது இறுகிய தரையில். மணலில் பழகிய கால் அங்கே திடீரென்று போனால் கணைக்கால் எலும்பு வலி எடுக்கும். மூன்றாம் கிழமையிலிருந்து சப்பாத்தோடு இறுகிய தரைக்கு மாறிவிடுங்கள், முதல் நாளே முழு நேரம் ஓடவிடாதீர்கள்.

இனி பாஸ். திடலின் ஒரு முழு மூன்றிலொரு பகுதியைத் தாண்டி யாரும் தொடாமல் பந்து போகக்கூடாது என்று விதியே சொல்கிறது. நான் அதைவிடக் கடுமையாக இருக்கிறேன். காற்றுக் காலத்தில் எந்தப் பாஸும் நாலு மீற்றருக்கு மேல் இல்லை, தலைக்கு மேலே இல்லை. நெஞ்சிலிருந்து நெஞ்சுக்கு, அல்லது நிலத்தில் ஒரு குத்து. 'ஏமாத்துப் பாஸ்' எறிந்து கைதட்டு வாங்கும் கெட்டிக்காரிகளுக்கு இது பிடிக்காது. பயிற்சி மட்சில் மேலே எறிந்த ஒவ்வொரு பந்தையும் மற்றப் பக்கத்துக்குக் கொடுத்துவிடுவேன். ஒரு கிழமையில் கை தானாக இறங்கிவிடும்.

ஷூட்டர்களுக்கு வட்டம் 4.9 மீற்றர் ஆரம். அதன் விளிம்பில் நின்று போட முடிவது வீட்டில் சொல்லிக்கொள்ள நல்லது. காற்றில் பிரயோசனமில்லை. வளையம் 38 சென்ரிமீற்றர் அகலம், பந்து 22. மிச்சமிருக்கும் இடைவெளியைப் பாருங்கள். ஆகவே ஜி.எஸ்.ஸும் மற்ற ஷூட்டரான ஜி.ஏ.யும் தங்களுக்குள் இன்னும் இரண்டு பாஸ் போட்டுக் கம்பத்துக்கு ஒரு எட்டுத் தூரத்துக்கு வரவேண்டும். குட்டையான, கால் சுறுக்கான பிள்ளை இந்த வேலையை நெட்டையானவளைவிட நன்றாகச் செய்வதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தடுப்பவள் 0.9 மீற்றர் தள்ளி நிற்கவேண்டும் என்பதால் கம்பத்தடியில் குட்டைக்கும் வழி உண்டு. பயிற்சியில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க உயர்தரப் பையன்களைக் கூப்பிடுங்கள். தென்னைமட்டையைப் பிடித்துக்கொண்டும் நிற்பார்கள், சிரிப்பும் வரும், வேலையும் நடக்கும்.

நாணயச் சுழற்சியில் வென்றால் முதல் பந்தா, பக்கமா என்று கப்டனுக்குத் தெரிந்திருக்கவேண்டும். திடல் காற்றோடு நீளமாகக் கிடந்தால் எதிர்காற்றுக்கு எறியவேண்டிய பக்கத்தை முதலில் எடு என்பேன். நாலு கால்பகுதி விளையாட்டில் கடைசிக் கால்பகுதி முதலாவதற்கு மாறான பக்கம். களைத்த நேரத்தில் காற்று முதுகுக்குப் பின்னால் இருக்கும். குறுக்காக அடித்தால் யோசிக்காமல் பந்தை எடுத்துக்கொள்ளலாம்.

முதல் மூன்று கிழமைக்கு யாருக்கும் நிரந்தர பிப் இல்லை. இந்த விளையாட்டில் பிப்பில் உள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் போகக்கூடிய இடம் வரையறுத்தது. ஜி.கே. (கோல் கீப்பர்) ஆகவே வளர்ந்தவள் மற்றப் பக்கத்து வட்டத்தை மட்ச் முழுக்கத் தூரத்திலிருந்துதான் பார்ப்பாள். ஜி.கே.யை ஷூட் பண்ணவிட்டால் ஷூட்டருக்கு எங்கே எரிச்சல் வரும் என்று அவளுக்கு விளங்கும். பன்னிரண்டு பேரைத் தெரிவுசெய்த பிறகு பட்டியலை ஒட்டுவதற்கு முதல், விடுபட்டவர்களைத் தனித்தனியே கூப்பிட்டுக் காரணம் சொல்லுங்கள். அடுத்த வருடமும் அவர்கள் வரவேண்டும்.

இவ்வளவும் பிள்ளைகள் வந்தால்தான். இல்லப் போட்டி முடிந்து நாங்கள் தொடங்கும் நேரம் பெரும்பாலும் தவக்காலம். வெள்ளிக்கிழமை பின்னேரம் சிலுவைப்பாதை, அன்று பயிற்சி வைத்தால் கோயிலோடும் தாய்மாரோடும் சேர்த்துப் பகை. மற்ற நாட்களில் ரியூசன். நான் வீடு வீடாகப் போய்ப் பேசியபோது விளையாட்டின் நன்மைகளை யாரும் கேட்கவில்லை. ஒரு தாய் சொன்னதுதான் எல்லோருடைய கேள்வியும்: "தங்கச்சி, விளையாடட்டும். இருட்டுறதுக்குள்ள ஆர் கூட்டிக்கொண்டு வாறது?" அன்றிலிருந்து ஐந்தே முக்காலுக்கு விசில். பேசாலை வீதிப் பக்கம் ஒரு கூட்டம், கோயிலடிப் பக்கம் ஒரு கூட்டம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய பிள்ளை பொறுப்பு. இன்னும் பத்து நிமிசம் என்று நீங்கள் ஆசைப்படும் நாளில்தான் ஒரு பிள்ளையை இழப்பீர்கள். பாவாடைக்குக் கீழே நீளக் கால்சட்டை போட அனுமதியுங்கள், அதற்காக நின்றுபோகும் பிள்ளைகள் உண்டு. பையில் சானிட்டரி பாட் எப்போதும் இருக்கட்டும், அது பையின் எந்த அறையில் இருக்கிறது என்று கேட்காமலே எடுக்கத் தெரியட்டும்.

தண்ணீர் வீட்டிலிருந்து போத்தலில் வரவேண்டும். கிணறு உவர்த்தால் பிள்ளைகள் குடிக்காமல் இருந்துவிடுவார்கள், தலைச்சுற்று வந்த பிறகுதான் நமக்குத் தெரியும். வெயில் கூடிய நாளில் ஒரு லீற்றருக்கு ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, தேசிக்காய்ப் புளி. உப்பை அளந்து போடுங்கள், கைக்கணக்கு வேண்டாம். கணுக்கால் மடங்கினால் ஐஸுக்கு அலைய வேண்டியதில்லை, மீன் வாடியில் சொல்லிவைத்தால் தருவார்கள். துணியில் சுற்றிப் பதினைந்து நிமிசம், தோலில் நேரே வைக்கக்கூடாது. நல்லெண்ணெய் போட்டு உருவ யாராவது வருவார்கள், அன்றைக்கு விடாதீர்கள்.

கடைசிக் கிழமையில் புதிதாக எதையும் பழக்குவதில்லை. நடுவரைக் கூப்பிட்டு ஒரு முழு மட்ச், அவ்வளவுதான். அதே கிழமையில் நகமும் நகையும். நகம் ஒட்ட வெட்டியிருக்கவேண்டும், நகையோடு நடுவர் இறக்கமாட்டார். எங்கள் பிள்ளைகள் காதில் தோடும் கழுத்தில் சிலுவைச் சங்கிலியும் ஞானஸ்நானத்திலிருந்து கழற்றாதவர்கள். போட்டி நாள் காலையில் திடலில் வைத்துக் கழற்றச் சொன்னால் ஒருத்தி அழுவாள், ஒருத்தியின் தோடு மணலில் போகும். தாய்மாருக்கு ஒரு கிழமைக்கு முன்பே சொல்லி, வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வரச் செய்யுங்கள். கட்டாயம் போட்டுத்தான் வருவேன் என்கிறவளுக்குப் பேர் எழுதிய ஒரு சின்ன டப்பா. அதைக் கோச் வைத்திருக்கக்கூடாது, கூட வரும் தாய் ஒருவரிடம் கொடுங்கள்.