எலெக்ட்ரான் துப்பாக்கியின் பீங்கானும் பிளக்கும்

லேசர் ஒளி பட்டு எலெக்ட்ரான் உமிழும் ஃபோட்டோகேத்தோடு வைத்த எலெக்ட்ரான் துப்பாக்கியை வடிவமைப்பவர்கள் கேத்தோடுக்கும் லேசருக்கும் காட்டும் அக்கறையில் பாதியையாவது பீங்கான் இன்சுலேட்டருக்கும் கேபிள் பிளக்குக்கும் காட்ட வேண்டும். பல நூறு கிலோவோல்ட்டைத் தாங்கி நிற்பவை அவைதான்.

செய்ய வேண்டியவை

• உலோகம், பீங்கான், வெற்றிடம் மூன்றும் கூடும் மூலையை முதலில் கவனியுங்கள். அலுமினாவின் ஒப்புமை விடுதிறன் சுமார் 9. ஆகவே பீங்கானுக்கும் உலோகத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும், அதற்குள் மின்புலம் ஏறத்தாழ 9 மடங்கு ஏறிவிடும். அங்கே கிளம்பும் எலெக்ட்ரான் பீங்கானில் மோதி இன்னும் பலவற்றைக் கிளப்பும். கண்மூடித் திறப்பதற்குள் பரப்பு நெடுகப் பொறி ஓடிவிடும். விளிம்பு உருண்ட உலோகக் கவசத்தால் அந்த மூலையை மறையுங்கள்.

• கவசத்தின் வடிவத்தைக் கணினியில் மின்புலம் கணக்கிட்டே முடிவு செய்யுங்கள். உலோகப் பரப்பில் மீட்டருக்கு 10 மெகாவோல்ட்டுக்குள் நிறுத்துவது நல்லது.

• பீங்கானில் மின்னூட்டம் தேங்க விடாதீர்கள். அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வகத்தில், துப்பாக்கிக்குள் நீட்டி நிற்கும் தலைகீழ் இன்சுலேட்டருக்குச் சற்றே மின்கடத்தும் அலுமினாவைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். தேங்குவது மெல்ல வடிந்துவிடும். ஜப்பானின் 500 கிலோவோல்ட் துப்பாக்கியில் பீங்கானைப் பல துண்டுகளாகப் பிரித்து, இடையிடையே பாதுகாப்பு வளையம் வைத்தார்கள். சிதறும் எலெக்ட்ரான் பீங்கானை எட்டாது. இடம் இருந்தால் இந்த வழியே எனக்குப் பிடித்தது.

• பிளக்கின் ரப்பர் கூம்பில் சிலிக்கோன் கிரீஸை மெல்லிய, சீரான படலமாகத் தடவுங்கள். நுனியிலிருந்து காற்று பின்னோக்கி வெளியேறும்படி பீங்கானுக்குள் மெதுவாக அழுத்தி இறக்குங்கள். உள்ளே சிக்கும் ஒரு காற்றுக்குமிழி போதும், பீங்கானில் ஓட்டை விழ. ஆயிரக்கணக்கான டாலர் பெறும் பொருள் அது, ஒட்டுப்போடவும் முடியாது.

செய்யக்கூடாதவை

• கழற்றிய பிளக்கைப் பழைய கிரீஸோடு திரும்பச் செருகாதீர்கள். நார், தூசு எதுவும் இல்லாமல் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவுங்கள்.

• பீங்கானின் வெற்றிடப் பக்கத்தை வெறுங்கையால் தொடாதீர்கள்.

• மின்னழுத்தத்தை ஒரேயடியாக ஏற்றாதீர்கள். தொடரில் பெரிய மின்தடையம் வைத்து, வெற்றிட அளவையும் எக்ஸ்-கதிர் அளவையும் பார்த்துக்கொண்டே, படிப்படியாக இயக்க அளவுக்கும் மேலே கொண்டுபோய்ப் பழக்குங்கள். அப்போது அறைக்குள் யாரும் இருக்கக் கூடாது.

• சப்ளையை அணைத்ததுமே கேபிளில் கை வைக்காதீர்கள். அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும். எர்த் கோலால் தொட்டு இறக்கி, கோலை அங்கேயே மாட்டி வைத்த பிறகு பிளக்கைக் கழற்றுங்கள்.