நாய் எங்கே படுக்கிறது என்று கேள்

அன்புள்ள தம்பிக்கு,

கிளினிக் திறந்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் பார்வோவும் எலும்பு முறிவும் படித்துவிட்டு வந்திருக்கிறாய். ஆனால் உன் வாசலுக்கு அதிகம் வரப்போவது சொறிந்துகொண்டே வரும் நாய்கள்தான். சில்லறை வேலை என்று ஓர் ஊசியைப் போட்டு அனுப்பிவிடாதே.

கூட்டி வருகிறவர் "உண்ணி சார்" என்பார். நீயே பார். உண்ணி தோலைக் கவ்வியபடி அசையாமல் கிடக்கும். தெள்ளு ரோமத்துக்குள் ஓடி மறையும். ராஜபாளையம் நாயின் வெள்ளை உடம்பில் எளிதாகத் தெரியும், கறுப்பு லேப்ரடாரில் தெரியாது. வால் அடியில் பேன் சீப்பை இழுத்து, விழுகிற கறுப்புத் தூளை ஈரப் பஞ்சில் வை. செம்பழுப்பாகக் கரைந்தால் தெள்ளின் எச்சம். நாயின் ரத்தம்தான் அது. பஞ்சை அவர் கையிலேயே கொடு. "வாரா வாரம் ஷாம்பு போடுறோம், எங்க நாய்க்குத் தெள்ளா?" என்று முறைக்கிறவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. தெள்ளுக் கடி ஒவ்வாமை உள்ள நாயில் ஒன்றுகூடச் சிக்காமல் போகலாம். கடித்து நக்கி விழுங்கியிருக்கும். வால் அடியிலும் பின்தொடையிலும் முடி கொட்டியிருந்தால் சந்தேகத்தை விடாதே.

மருந்துச் சீட்டை எழுதுமுன் நாய் எங்கே படுக்கிறது என்று கேள். நாயின் மேல் இருப்பது மொத்தத் தெள்ளில் சுமார் 5 சதவீதம்தான் என்பது நம் பாடப்புத்தகக் கணக்கு. மற்றதெல்லாம் வீட்டில். பெண் தெள்ளு ஒரு நாளில் 40, 50 முட்டைவரை இடும். அவை ரோமத்தில் ஒட்டாமல், நாய் உடம்பை உதறும் இடமெல்லாம் சிந்தும். புழு வெளிச்சத்துக்கு அஞ்சி சோபா அடியிலும் சாக்கு மடிப்பிலும் கார் ஷெட் மண்ணிலும் ஒளியும். பிறகு கூடு கட்டும். கூட்டுக்குள் இருப்பதை எந்த மருந்தும் சரியாக எட்டாது. மாதக்கணக்கில் காத்திருந்து, காலடி அதிர்வும் உடம்புச் சூடும் மூச்சுக் காற்றும் பட்டதும் வெளியே குதிக்கும். லீவுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து பூட்டைத் திறந்த குடும்பத்தின் கணுக்காலெல்லாம் தடிப்பது இதனால்தான்.

உன் மருந்துக்குக் கெட்ட பெயர் வருவதும் இங்கேதான். இரண்டு மூன்று வாரத்தில் கூட்டிலிருந்து புதுசாக வந்தது நாய்மேல் ஏறும். "மருந்து கேக்கலை" என்று வேறு டாக்டரைத் தேடிப் போவார்கள். மூன்று மாதமாவது விடாமல் போட வேண்டும், நடுவில் ஒன்றிரண்டு தென்படும் என்று முதல் நாளே சொல்லிவிடு. சாக்கை, விரிப்பை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து உச்சி வெயிலில் காயப்போடச் சொல். வறண்ட சூட்டில் முட்டையும் புழுவும் சாகும். ஐப்பசி, கார்த்திகையில் அந்த வெயில் நமக்குக் கிடைக்காது, கூடுதல் கவனம் வேண்டும்.

மருந்தில் ஒரு சில எச்சரிக்கைகள். பிப்ரோனில் சொட்டு மருந்து என்றால் போடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. மாத்திரைகளில் அஃபாக்ஸோலானர் மாதம் ஒன்று, ஃப்ளூராலானர் சுமார் 12 வாரம் தாங்கும். வலிப்பு வந்ததுண்டா என்று விசாரிக்காமல் இரண்டையும் எழுதாதே. பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். வீட்டில் பூனை உண்டா என்று கேட்டுக்கொள். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் குத்துமதிப்பாகக் கலந்து நாய்மேல் ஊற்றுகிறவர்களைக் கண்டிப்பாகவே தடு. பூண்டும் கற்பூரமும் நாய்க்கு விஷம். வேப்பிலைத் தண்ணீருக்காக யாரையும் திட்டாதே, அதோடு நிறுத்திக்கொள்ளவும் விடாதே. குட்டியென்றால் முதலில் ஈறைப் பார். வெளுத்திருந்தால் ரத்தம் போயிருக்கிறது, அவசரம்.

மலத்தில் அரிசி மாதிரி நெளிகிறது என்பார்கள். நாடாப்புழு, தெள்ளை விழுங்கி வந்தது. தெள்ளை ஒழிக்காமல் பிராசிகுவான்டல் மட்டும் கொடுத்தால் திரும்ப வரும்.

வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும் அதனதற்கு உரிய மருந்தை ஒரே நாளில் போட வை. கையில் காசில்லாதவரிடம் விலை கூடிய மாத்திரையைத் திணிக்காதே. அவரை உட்காரவைத்து, சாக்கைத் துவைப்பதையும் மூன்று மாதக் கணக்கையும் பொறுமையாக ஐந்து நிமிஷம் சொல்லு தம்பி.