வீட்டிலேயே ஒலிப்பதிவு: முதன்முறை தொடங்குபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் தங்கை மகளின் பாட்டை முதன்முதலில் எங்கள் வீட்டு ஹாலில்தான் பதிந்தேன். நல்ல குரல், நல்ல மைக். போட்டுக் கேட்டபோது, ஆளில்லாத கல்யாண மண்டபத்தில் யாரோ பாடுவது போல இருந்தது. "மாமா, இது என் குரல்தானா?" என்று கேட்டாள். முகம் வாடிவிட்டது. மறுநாள் படுக்கையறையில் துணி அலமாரியின் இரண்டு கதவுகளையும் திறந்து, அதற்கு முதுகு காட்டி அவளை நிற்க வைத்து, அதே மைக்கில் அதே பாட்டைப் பதிந்தேன். இந்த முறை குரல் காதருகே வந்து நின்றது. செலவு ஒரு பைசா இல்லை.

அதனால்தான் இந்த வழிகாட்டியை அறையிலிருந்து தொடங்குகிறேன். கடைக்குப் போவது அதற்கு அப்புறம்.

முதல் படி: அறையைத் தயார் செய்யுங்கள்

வீட்டில் உள்ள ஒவ்வொரு அறையின் நடுவிலும் நின்று ஒரு முறை பலமாகக் கை தட்டுங்கள். 'டங்' என்று ஓசை நீண்டால் அந்த அறை வேண்டாம். மெத்தை, தலையணை, திரைச்சீலை, புத்தக அடுக்கு இருக்கிற அறைதான் நமக்கு ஏற்றது. பாடுபவரின் வாய்க்கு நேரே மைக்கை வைத்தால், அவர் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து திரும்பும் ஒலியும் மைக்கின் முகத்தில்தான் விழும். அங்கே துணி அலமாரியோ, தடித்த ஜமுக்காளமோ, இரண்டு போர்வைகளோ இருந்தால் அது அடங்கிவிடும். சுவரில் முட்டை அட்டை ஒட்டுகிறார்கள். எதிரொலியை அடக்க அது பெரிதாக உதவாது. தடித்த துணியும் பஞ்சும்தான் உதவும்.

அடுத்தது இரைச்சல். மின்விசிறியை நிறுத்த வேண்டும், வேறு வழியே இல்லை. ஃபிரிட்ஜ் பக்கத்து அறையில் இருந்தாலும் அதன் கம்ப்ரசர் உறுமல் மைக்கில் ஏறும். குக்கர் விசில், காய்கறி வண்டிக்காரர் குரல், மேல்வீட்டு மோட்டார் எல்லாம் ஓய்கிற நேரம் எது என்று இரண்டு நாள் கவனியுங்கள். எங்கள் தெருவில் அது இரவு பத்தரைக்கு மேல்.

இரண்டாம் படி: வாங்க வேண்டியவை

கணினி புதிதாக வேண்டியதில்லை. நான்கைந்து வருடப் பழைய லேப்டாப் என்றாலும் 8 ஜிபி ராம் இருந்தால் தொடங்கலாம். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் வேகமும் கூடும், சத்தமும் குறையும்.

ஆடியோ இன்டர்ஃபேஸ் கட்டாயம். மைக்கிலிருந்து வரும் மெல்லிய மின்சாரத்தைப் பெருக்கி, எண்களாக மாற்றிக் கணினிக்குள் அனுப்புகிற சின்னப் பெட்டி அது. லேப்டாப்பின் சொந்த மைக் துளை இந்த வேலைக்குப் போதாது. ஒரு மைக் மட்டும் செருகக்கூடிய இன்டர்ஃபேஸ் விலை குறைவுதான். ஆனாலும் இரண்டு மைக் செருகக்கூடியதையே வாங்குங்கள். இன்று நீங்கள் தனியாகப் பாடலாம். ஆறு மாதத்தில் ஒரு வயலினோ மிருதங்கமோ வீட்டுக்கு வரும். யூஎஸ்பியில் நேராகச் செருகும் மைக்கைப் பரிந்துரைக்க நான் தயங்குவதும் இதனால்தான். இரண்டாவது மைக்கைச் சேர்க்கும்போது அது சிக்கல் தரும்.

மைக்கில் இரண்டு வகை. கண்டன்சர் மைக் நுணுக்கமான ஒலியையும் பிடிக்கும். இன்டர்ஃபேஸிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் அதற்குப் போக வேண்டும். டைனமிக் மைக் அருகில் உள்ளதை மட்டும் வாங்கிக்கொள்ளும், முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் தாங்கும். கச்சேரி மேடைகளில் நாம் பார்க்கும் ஷூர் எஸ்எம்58 டைனமிக் வகை. 1966-இலிருந்து விற்பனையில் இருக்கிறது. பலரும் யோசிக்காமல் கண்டன்சர் வாங்குவார்கள். பேருந்து ஓடும் சாலையை ஒட்டி வீடு இருந்தால் டைனமிக்தான் உங்களுக்கு நல்லது என்பேன்.

ஹெட்ஃபோன் காதை முழுதாக மூடுவதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் அதில் ஓடும் தம்புரா மைக்குக்குள் கசியும். ஸ்பீக்கரை இப்போது வாங்காதீர்கள், அறை சரியான பிறகு பார்த்துக்கொள்ளலாம். எக்ஸ்எல்ஆர் கேபிள், மைக் ஸ்டாண்ட், காற்றுத் தடுப்பு வலை ஆகிய மூன்றும் சில்லறைச் செலவு. 'ப' சொல்லும்போது வரும் காற்று மைக்கை அடிக்காமல் இருக்க அந்த வலை வேண்டும்.

மூன்றாம் படி: இணைப்பு

முதலில் இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கி நிறுவுங்கள். விண்டோஸில் ஏஎஸ்ஐஓ வகை டிரைவர் இருக்க வேண்டும். மேக்கில் பெரும்பாலும் எதையும் நிறுவ வேண்டியிருக்காது. பிறகு கேபிளைச் செருகுங்கள். ஒலியளவைக் குறைத்துவிட்டுக் கடைசியாக 48 வோல்ட் பொத்தானை அழுத்துங்கள்.

'ம்ம்ம்' என்று ஓர் ஓசை கேட்கிறதா? லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நம் வீடுகளில் பல பிளக் பாயிண்டுகளில் எர்த் சரியாக இருப்பதில்லை. இந்த இரைச்சலுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். பேட்டரியில் ஓட்டிப் பதியலாம், எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிபார்ப்பது அதைவிட நல்லது.

நான்காம் படி: மென்பொருள்

மேக் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் இலவசம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஆடாசிட்டி இலவசம். ஒற்றைக் குரலைப் பதிந்து வெட்டி ஒட்ட அது தாராளம். பல டிராக்குகளை அடுக்கிப் பாட்டு உருவாக்க நினைத்தால் ரீப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 60 நாள் இலவசமாகப் பழகலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். திருட்டு மென்பொருள் வேண்டாம். வைரஸ் பயம் ஒருபுறம் இருக்கட்டும், இசை செய்கிற நாமே அடுத்தவர் உழைப்புக்குக் காசு கொடுக்காவிட்டால் எப்படி?

புதிய ப்ராஜெக்டில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். வீடியோவுடன் சேர்க்க அதுவே வசதி. ஒரு மைக் டிராக் நிமிடத்துக்கு எட்டரை எம்பி பிடிக்கும், அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: லெவலும் தாமதமும்

பாட்டின் உச்சஸ்தாயி வரியைப் பாடச் சொல்லி, மீட்டர் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கும்படி கெயின் குமிழைத் திருகுங்கள். சிவப்பு விளக்கு ஒரு முறை எரிந்தாலும் அந்த இடம் கிழிந்துபோகும், பிறகு எதைச் செய்தும் தைக்க முடியாது. 24 பிட்டில் குறைவாகப் பதிந்ததைப் பின்னால் கூட்டிக்கொள்ளலாம்.

புதிதாகத் தொடங்குபவர்களை அதிகம் சோர்வடையச் செய்வது தாமதம்தான். பாடிய குரல் கணினிக்குள் போய் ஹெட்ஃபோனுக்குத் திரும்பி வருவதற்குள் நேரம் கழிந்துவிடும். பஃபர், அதாவது கணினி ஒரு தடவையில் கையாளும் ஒலித்துண்டின் அளவு, 1024 என்று இருந்தால் உள்ளே போவதற்கே 21 மில்லி விநாடி, வெளியே வர இன்னும் அதே அளவு. பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி நின்று பாடுவது போல உங்கள் குரல் உங்களுக்குக் கேட்கும். தாளம் தடுமாறும், 'எனக்கு லயம் இல்லையோ' என்று மனம் சோர்ந்துபோகும். உங்களிடம் குறையே இல்லை. பதியும்போது பஃபரை 128-க்கு இறக்குங்கள், அல்லது இன்டர்ஃபேஸில் உள்ள டைரக்ட் மானிட்டர் பொத்தானைப் போட்டு, மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை அணைத்துவிடுங்கள். மிக்ஸ் செய்யும்போது பஃபரை மறுபடி 1024-க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

ஆறாம் படி: முதல் பதிவு

தம்புராவைத் தனி டிராக்கில் போடுங்கள். உங்கள் சுருதி ஒரு கட்டையோ ஐந்தரையோ, ப்ராஜெக்ட் பெயரிலேயே அதை எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்துத் தேட வேண்டாம். மெல்லிசை என்றால் மெட்ரோனோம் வையுங்கள். விருத்தமோ ஆலாபனையோ என்றால் அதை அணைத்துவிடுங்கள்.

வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி. உச்சத்தில் பாடும்போது தலையைச் சற்றே பின்னால் இழுக்கும் பழக்கம் வர வேண்டும். பாட்டு தொடங்கும் முன் பத்து விநாடி மௌனத்தையும் பதியுங்கள். அறையின் இரைச்சல் எவ்வளவு என்று அதில் தெரிந்துவிடும்.

வீணைக்குக் குடத்தின் மேல்பலகையை நோக்கி ஒன்றரை அடி தள்ளி மைக்கை வையுங்கள். மிக அருகே வைத்தால் மீட்டும் நகத்தின் ஓசைதான் மேலே நிற்கும். மிருதங்கத்துக்கு வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என இரண்டு மைக் தேவை. தொப்பிப் பக்கம் டைனமிக் மைக் நன்றாகப் பொருந்தும்.

ஏழாம் படி: மெருகு

முதலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். லாரி உறுமலும் தரை அதிர்வும் அங்கேதான் இருக்கின்றன. ஒரு கட்டையில் பாடும் ஆண் குரலின் மந்தர பஞ்சமமே 98 ஹெர்ட்ஸ் என்பதால் குரலுக்குச் சேதமில்லை. குரலின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரசரை 2:1 விகிதத்தில் மெல்ல வையுங்கள். ரிவெர்ப் கேட்டும் கேட்காமலும் இருக்கட்டும்.

சுருதி திருத்தும் கருவியைக் கர்நாடக இசைப் பதிவில் தொடவே தொடாதீர்கள். பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களில் ஏதாவது ஒன்றில் குரலை உட்கார வைப்பதுதான் அதன் வேலை. தோடியின் காந்தாரம் அந்த இடங்களுக்கு நடுவில் அசைந்துகொண்டே இருப்பது. கருவி அந்த அசைவைத் தவறென்று எண்ணி நேராக்கிவிடும். பிசகிய வரியை மறுபடி பாடிப் பதிவதே சரி.

முடிந்த பாட்டை வேவ் கோப்பாகச் சேமித்து, அதிலிருந்து எம்பி3 எடுங்கள். ஹெட்ஃபோனில் ஒரு முறை, செல்போன் ஸ்பீக்கரில் ஒரு முறை, காரிலோ டிவியிலோ ஒரு முறை கேட்டுப் பாருங்கள். மூன்றிலும் சாகித்யம் தெளிவாகக் கேட்க வேண்டும். பிறகு ப்ராஜெக்ட் ஃபோல்டரை அப்படியே வெளி டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்துவிட்டுத் தூங்கப் போங்கள். ஒரே டிஸ்க்கை நம்பியிருந்த எனக்கு, தங்கை மகள் அலமாரி முன் நின்று பாடிய அந்தப் பதிவு இன்று கையில் இல்லை.