கருவிகள் மாறின, இலாபம் எங்கே இருக்கிறது?

கடைக்கு என்ன கருவி வாங்கலாம், எந்தக் கைபேசி நல்லது, இணையத்தால் நமக்கு என்ன பயன் என்று இளைய வியாபாரிகள் பலர் கேட்கிறார்கள். கொல்லிமலை மிளகு வியாபாரத்தை வைத்துப் பார்த்தால் இதற்கு விடை எளிதில் விளங்கும்.

கொல்லிமலையில் சில்வர் ஓக் மரங்களில் கொடி ஏற்றி மிளகு விளைவிக்கிறார்கள். பறித்துக் காய வைத்த மிளகு 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிக் காரவள்ளி வழியாக நாமக்கல், சேலம் மண்டிகளுக்கு வருகிறது. ஆனால் விலை பேசும்போது எல்லோரும் பார்ப்பது கொச்சிச் சந்தையைத்தான்.

டிரங்க் கால் காலத்தில் கொச்சி விலையைக் கேட்கப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சாதாரணம், அவசரம், மின்னல் என்று கட்டணம் வேறுபடும். பிறகு எஸ்.டி.டி. பூத் வந்தது. எதுவானாலும் தொலைபேசி கீழே இருந்தது, சரக்கு மேலே இருந்தது. விலையை முதலில் அறிந்தவர் வியாபாரி. அந்த முந்துதலிலேயே இலாபத்தில் ஒரு பங்கு கிடைத்தது.

1995 ஜூலையில் நாட்டில் கைபேசிச் சேவை தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது. 2003-இல் கைபேசிக்கு வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் நீங்கியது. 2013-இல் தந்தி நிறுத்தப்பட்டது. 2016-இல் யு.பி.ஐ. பணப் பரிமாற்றமும் மலிவான இணையமும் சேர்ந்து வந்தன. இன்று நறுமணப் பொருள் வாரியத்தின் இணையதளத்தில் கொச்சி மிளகு விலையை யாரும் பார்க்கலாம். நமக்கு முன்பே விவசாயி பார்த்துவிட்டு வருகிறார்.

விலைச் செய்தி எல்லோருக்கும் கிடைத்தால் வியாபாரம் என்ன ஆகும் என்பதற்கு அண்டை மாநிலத்தில் ஒரு பாடம் உண்டு. வட கேரளக் கடற்கரையில் 1997 முதல் 2001 வரை கைபேசிச் சேவை பரவியபோது மத்தி மீன் சந்தைகளில் நடந்ததை ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியல் அறிஞர் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார். முன்பு ஒரு கரையில் வாங்க ஆளின்றி மீனைக் கொட்டுவார்கள். பக்கத்துக் கரையில் மீன் இல்லாமல் திரும்புவார்கள். படகிலிருந்தே விலை கேட்கத் தொடங்கியதும் வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவர் இலாபம் சராசரியாக 8 விழுக்காடு கூடியது. வாங்குவோருக்கு விலை 4 விழுக்காடு குறைந்தது. ஊருக்கு ஊர் இருந்த விலை வித்தியாசமும் சுருங்கிவிட்டது.

இதில் நமக்குள்ள பாடம் இதுதான். விலை தெரியாதவரிடம் வாங்கிப் பெற்ற இலாபம் இனித் திரும்பாது. சரியான எடை, சரியான தரம், சொன்ன நேரத்தில் பணம் ஆகிய மூன்றில்தான் இனி நம் பிழைப்பு. ஆகவே கருவி வாங்கும்போது ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: இது காட்டுவதை எதிரில் நிற்பவரும் பார்க்க முடியுமா?

இந்தக் கணக்கில் நாம் விரும்பும் கருவிகள் மூன்று.

1. இருபுறமும் எண் தெரியும் மின்னணுத் தராசு. மூட்டை போட்டவரும் எடையைப் படிக்கலாம். இதற்கு ஆண்டுதோறும் எடையளவு ஆய்வாளரிடம் முத்திரை பெற வேண்டும்.

2. ஈரப்பதம் காட்டும் கருவி. மிளகைக் கடித்தும் குலுக்கியும் பார்ப்பது பழைய வழக்கம்; அதில் தகராறு வரும். 15 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோ மிளகு 11 விழுக்காட்டுக்குக் காய்ந்தால் ஏறக்குறைய 95½ கிலோதான் நிற்கும். இந்த 4½ கிலோவைக் கருவியில் காட்டிச் சொன்னால் விவசாயி ஏற்பார். வாயால் சொன்னால் ஏய்ப்பதாக நினைப்பார். கூடவே லிட்டர் அளவையும் வைத்துக் கொள்ளுங்கள். ஒரு லிட்டர் மிளகு 550 கிராம் நின்றால் அது கனமான சரக்கு.

3. பணம் வந்ததை வாய்விட்டுச் சொல்லும் பெட்டி. வாங்குபவர் கைபேசியில் காட்டும் படம் பணம் ஆகாது. பெட்டி சொன்ன பிறகோ, வங்கிக் கணக்கில் பார்த்த பிறகோ சரக்கு வெளியே போகட்டும்.

விலை உயர்ந்த கைபேசி வியாபாரத்துக்குத் தேவையில்லை. மலைப்பாதையில் சிக்னல் விட்டுவிட்டு வரும். எனவே வேறு நிறுவனத்தின் சிம் போட்ட பட்டன் போன் ஒன்று கூட இருப்பது நல்லது. கருவி நின்றாலும் கணக்கு நிற்காதபடி, எடை, ஈரம், விலை, தொகை நான்கையும் எழுதிய சிட்டையை விவசாயியிடம் கொடுத்துவிடுங்கள்.

எச்சரிக்கை ஒன்றும் சொல்ல வேண்டும். பணம் பெறுவதற்கு ரகசிய பின் எண் தேவையே இல்லை. அதைக் கேட்பவர் உங்கள் பணத்தை எடுக்கவே கேட்கிறார். கடையில் ஒட்டிய க்யூ.ஆர். அட்டையின் மேல் வேறு அட்டை ஒட்டியிருக்கிறதா என்று தினமும் காலையில் பாருங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

விலையை இன்று எவரும் அறியலாம். எந்த வியாபாரியின் எடையை நம்பலாம் என்பதைப் பழகித்தான் அறிய முடியும். மிளகுப் பருவம் தொடங்குமுன் உங்கள் தராசின் முத்திரைத் தேதியை ஒருமுறை பார்த்துக் கொள்ளுங்கள்.