ஊதியம் பெறா நடுவர்

நுழையும்முன்

விளையாட்டு பலர் கூடி ஆடும்போது மிகுந்த இன்பம் தரும். கூடி ஆடுவோரிடையே பூசல் எழுவதும் இயல்பே. அப்பூசலைத் தீர்த்து, அனைவரையும் மீண்டும் ஆட வைப்பவர் நடுவர். இணையவழி விளையாட்டுகளில் ஊதியம் பெறாமல் இப்பணியைச் செய்வோரைப் பற்றி இப்பாடம் விளக்குகிறது.

தெருவிலும் திரையிலும்

பெங்களூரின் பழைய கன்டோன்மென்ட் பகுதியில், பிரேசர் டவுனையும் காக்ஸ் டவுனையும் அடுத்து அமைந்துள்ளது ரிச்சர்ட்ஸ் டவுன். 1809ஆம் ஆண்டு ஆங்கிலேயர் பெங்களூரில் படைவீடு அமைத்த காலந்தொட்டு, அதைச் சூழ்ந்த பகுதிகளில் தமிழர் பலர் குடியேறி வாழ்ந்து வருகின்றனர். ஆகவே, இங்கு மாலையில் தெருவில் கிரிக்கெட் ஆடும் சிறுவரிடையே தமிழ், கன்னடம், உருது, ஆங்கிலம் எனப் பல மொழிகள் கலந்து ஒலிக்கும். பந்து மட்டையில் பட்டதா, காலில் பட்டதா என வாக்குவாதமும் எழும். அப்போது சற்று மூத்த ஒருவர் நடுவராக நிற்பார். அவர் ஆடுவதில்லை, பரிசும் பெறுவதில்லை. எனினும், அவர் இல்லையேல் ஆட்டம் பாதியிலேயே நின்றுவிடும்.

இருட்டிய பின் அதே சிறுவருள் சிலர் கைப்பேசியிலோ கணினியிலோ வேறோர் ஆட்டத்தில் நுழைகின்றனர். அங்கே ஒருவர் வீரர், ஒருவர் வணிகர், மற்றொருவர் மருத்துவர். சென்னையிலும் கொழும்பிலும் டொராண்டோவிலும் இருப்போர் ஒரே கற்பனை நகரில் ஒன்றுகூடி, தாம் ஏற்ற வேடத்திற்கேற்பப் பேசுகின்றனர், பொருள் விற்கின்றனர், போர் புரிகின்றனர். இங்கு ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது, வயதும் தெரியாது. ஆகவே, தெருவில் எழும் பூசலைவிட இங்கு எழும் பூசல் கடுமையாகவும் இருக்கக்கூடும்.

இதனைத் தீர்ப்பவரை ஆங்கில வழக்கில் ‘மாடரேட்டர்’ என்பர். தமிழில் ‘நெறியாளர்’ எனலாம். இவர்களுள் பலர் நிறுவனத்தின் பணியாளர் அல்லர். அந்த ஆட்டத்தை விரும்பி ஆடியவர்களே, தம் ஓய்வுநேரத்தில் ஒரு பகுதியை மனமுவந்து அளிக்கின்றனர்.

தொடக்க காலம்

இத்தகைய ஆட்டத்தின் முன்னோடி 1978ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தோன்றியது. ராய் டிரப்ஷா என்னும் மாணவர் அதை எழுதத் தொடங்கினார். ரிச்சர்ட் பார்ட்டில் என்னும் மாணவர் அதனை மேலும் வளர்த்தார். ‘மட்’ எனப்பட்ட அந்த ஆட்டத்தில் படங்கள் இல்லை. எழுத்துகள் மட்டுமே இருந்தன. அதில் மிக உயர்ந்த நிலையை எட்டியவர் ‘மந்திரவாதி’ எனப்பட்டார். பிறர் கண்ணுக்குத் தெரியாமல் உலவவும், தொல்லை தருவோரை ஆட்டத்திலிருந்து அகற்றவும் அவருக்கு ஆற்றல் கிடைத்தது. இவ்வாறு ஆட்டக்காரரே ஆட்டத்தைக் காக்கும் வழக்கம் தொடக்கத்திலேயே தோன்றிவிட்டது.

1986ஆம் ஆண்டு அமெரிக்காவில் லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் ‘ஹாபிடட்’ என்னும் உலகைச் சோதனையாக நடத்தியது. அதில் மக்கள் படவுருவில் உலவினர். ஆயுதத்தால் தாக்கப்பட்டவர் கையிலிருந்த பொருளை இழந்து, தம் வீட்டிற்கே திரும்ப அனுப்பப்படுவார். இது குற்றமா, விளையாட்டின் ஒரு பகுதியா என்னும் கேள்வி எழுந்தது. மக்களிடம் கருத்துக் கேட்டபோது, ஏறத்தாழச் சரிபாதியினர் குற்றம் என்றனர். மறுபாதியினர் விளையாட்டே என்றனர். எனவே நகரின் எல்லைக்குள் தாக்குதலும் திருட்டும் இயலாதபடி செய்யப்பட்டன. எல்லைக்கு வெளியே உள்ள காட்டுப்பகுதியில் அவை தொடர்ந்தன. அஞ்சியவர் நகரில் அமைதியாக வாழ்ந்தனர். வீரத்தை விரும்பியோர் காட்டிற்குச் சென்றனர். ஆடுவோரின் கருத்தைக் கேட்டறிந்து வகுத்த விதி இரு தரப்பினருக்கும் இடமளித்தது.

வேடம் வேறு, ஆள் வேறு

தெருக்கூத்தில் துரியோதனன் வேடமிட்டவர் மேடையில் சினந்து முழங்குவார். கூத்து முடிந்ததும் அவரே பிறருடன் அமர்ந்து தேநீர் அருந்துவார். மேடையில் காட்டிய சினம் வேடத்திற்கு உரியது. ஆளுக்கு உரியது அன்று. கூத்தில் கட்டியங்காரன் என்றொருவர் உண்டு. வருவோரை அறிமுகம் செய்தும், இடையிடையே வேடிக்கை பேசியும் அவர் கூத்துக்கு உள்ளேயும் வெளியேயும் ஒருசேர நிற்பார்.

நெறியாளரின் நிலையும் அத்தகையதே. ஓர் அரசன் வேடம் ஏற்றவர் திருடன் வேடம் ஏற்றவரைப் பார்த்து, “உன்னைச் சிறையில் அடைப்பேன்!” என்றால் அது ஆட்டம். அதே ஆள், எதிரில் இருப்பவரின் நிறத்தையோ, மொழியையோ, சாதியையோ, சமயத்தையோ இழித்துப் பேசினால் அது ஆட்டம் அன்று. அச்சொல் வேடத்தைக் கடந்து உண்மையான ஒரு மனிதரைக் காயப்படுத்துகிறது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே நெறியாளரின் முதன்மையான பணியாகும்.

ஒரு சொல், இரு பொருள்

தகாத சொற்களைத் தானாகவே கண்டறியும் கணினி நிரல்கள் இன்று உள்ளன. ஆயினும், ஆங்கில எழுத்தில் எழுதப்படும் தமிழையும், பல மொழிகள் கலந்த பேச்சையும் கண்டு அவை பல நேரங்களில் தடுமாறுகின்றன. ‘வாடா’ என்பது நண்பரிடையே அன்புமொழி. முன்பின் அறியாத பெரியவரிடம் கூறினால் அவமதிப்பு. எழுத்து ஒன்றே, உறவுதான் வேறு. உறவை அறிய மனிதர் வேண்டும்.

பெங்களூரில் இச்சிக்கல் மேலும் நுட்பமானது. கன்னட இளைஞர் நண்பரை ‘மகா’ என்று அழைப்பர். ‘மகன்’ என்னும் பொருளுடைய அச்சொல், அவர்களிடையே ‘நண்பா’ என்பதுபோல் வழங்குகிறது. தமிழிலோ, சண்டையின்போது சொல்லப்படும் ‘மகனே’ என்பது மிரட்டலாகிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஆட்டத்தில் கன்னடச் சிறுவன் ஒருவன், “வா மகா” என்று எழுதுகிறான். தமிழகத்திலிருந்து ஆடும் சிறுவன் அதை வசையெனக் கருதி, அவனது மொழியையே பழித்து விடையளிக்கிறான். சில நிமிடங்களில் பத்துப்பேர் இரு அணியாகப் பிரிகின்றனர். முறையீடு நெறியாளரிடம் வருகிறது. கன்னடம் அறியாத நெறியாளர் இருவரையும் நீக்கிவிடக்கூடும். இரு மொழியும் அறிந்தவரோ, முதற்சொல் அன்பினால் வந்தது என்பதை உணர்வார். அதன் பொருளைத் தமிழ்ச் சிறுவனுக்கு விளக்குவார். அத்துடன், மொழியைப் பழித்தது தவறு என்று அவனை எச்சரிக்கவும் செய்வார். தம் மொழியினன் என்பதற்காக அவனை விட்டுவிடமாட்டார்.

இவ்வாறு, வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் பேசி வளரும் ஒருவரிடம் இப்பணிக்கு வேண்டிய அரியதொரு திறன் இருக்கிறது. சொல்லின் பொருளோடு அது பிறந்த மனநிலையையும் அவரால் உணர முடிகிறது.

நெறியாளர் பணியாற்றும் முறை

முறையீடு வந்தவுடன் நல்ல நெறியாளர் தீர்ப்புக் கூறுவதில்லை. முதலில், நிகழ்ந்த உரையாடலை முழுமையாகப் படிக்கிறார். ஒருவர் அனுப்பும் திரைப்படத்துணுக்கில் முன்னும் பின்னும் நிகழ்ந்தவை விடுபட்டிருக்கலாம். அடுத்து, இரு தரப்பினரையும் தனித்தனியே கேட்கிறார். பின்னர், முன்னரே அறிவிக்கப்பட்ட விதிகளுள் எது மீறப்பட்டது என்பதை ஆராய்கிறார். இறுதியாக, குற்றத்தின் அளவிற்கேற்ப நடவடிக்கை எடுக்கிறார்.

சிறு தவறுக்கு எச்சரிக்கை போதும். மீண்டும் செய்தால் சில மணிநேரம் பேச இயலாதபடி நிறுத்தி வைக்கலாம். அதன்பின் சில நாள் தடையும், வேறு வழியே இல்லாதபோது நிலையான நீக்கமும் செய்யப்படும். மிரட்டல் போன்ற கொடுஞ்செயலுக்கு இப்படிநிலைகள் பொருந்தா. உடனே நீக்குவதே முறை. குற்றம் சாட்டப்பட்டவர் தம் நண்பராகவோ பகைவராகவோ இருந்தால், அம்முறையீட்டை நெறியாளர் வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

திருக்குறளில் ‘நடுவு நிலைமை’ என்பது 12ஆவது அதிகாரம். அதில் திருவள்ளுவர் சான்றோருக்குத் துலாக்கோலை உவமையாகக் கூறுகிறார். தட்டில் வைக்கப்படும் பொருள் யாருடையது என்று துலாக்கோல் கேட்பதில்லை.

அதிகாரத்திற்கும் எல்லை உண்டு

ஒருவரைப் பேசவிடாமல் தடுக்கும் ஆற்றல் பெரிது. அதைப் பெற்றவர் நெறி தவறினால், அவரால் விளையும் தீங்கு சாதாரண ஆட்டக்காரர் செய்யும் தீங்கைவிட மிகுதி. ஆகவே காவலரையும் விதிக்குள் வைக்க வேண்டும். இது தமிழருக்குப் புதிய கருத்தன்று.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழனின் காலத்தைச் சேர்ந்த கல்வெட்டுகள் உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்கு உரியவை. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றின் உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்ததை 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு விரிவாகக் கூறுகிறது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். பதவிக்காலம் 360 நாள். கடந்த மூன்றாண்டுகளுக்குள் பதவி வகித்தவர் மீண்டும் வர இயலாது. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர். நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அன்று அவ்வுரிமை இருந்தது என்பது அதன் குறை. எனினும், பொறுப்பில் இருப்பவர் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் கொள்கை இன்றைக்கும் பொருந்துவதாகும்.

இக்காலத் தமிழ் எடுத்துக்காட்டாகத் தமிழ் விக்கிப்பீடியாவைக் கூறலாம். 2003ஆம் ஆண்டு தொடங்கிய இக்கலைக்களஞ்சியத்தை வளர்த்த முன்னோடி, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன். அது விளையாட்டு அன்று. ஆயினும், அங்கும் ஊதியம் பெறாத தன்னார்வலரே நிர்வாகிகளாகப் பணியாற்றுகின்றனர். ஒரு பக்கத்தை நீக்கினாலும் ஒருவரைத் தடை செய்தாலும், அச்செயல் நிர்வாகியின் பெயரோடு பதிவேட்டில் இடம்பெறும். எவரும் அதைப் படிக்கலாம். தடை செய்யப்பட்டவர் மறுபரிசீலனை கோரவும் வழியுண்டு. நல்ல விளையாட்டுக் குழுக்களும் இவ்வாறே பதிவேடு பேணுகின்றன.

உழைப்பின் மதிப்பு

தன்னார்வப் பணி மனநிறைவு தரும், களைப்பும் தரும். இழிசொற்களை நாள்தோறும் படிப்பவரின் மனம் நோகும். மேலும், அத்தகைய உழைப்பால் நிறுவனம் பொருள் ஈட்டும்போது நீதி பற்றிய வினா எழுகிறது. 1999ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனத்தின் அரட்டை அறைகளைக் கவனித்துவந்த முன்னாள் தன்னார்வலர், தமக்கு ஊதியம் வேண்டும் என வழக்குத் தொடுத்தனர். பல ஆண்டுகளுக்குப் பின் அது உடன்பாட்டில் முடிந்தது. எனவே, எவ்வளவு நேரம் அளிப்பது, எப்போது விலகுவது என்பதைத் தன்னார்வலர் முன்னரே வரையறுத்துக்கொள்ள வேண்டும். படிப்பையும் உறக்கத்தையும் விலையாகக் கொடுத்துச் செய்யும் தொண்டு நீடிக்காது.

மாணவர் பெரும்பாலான குழுக்களில் நெறியாளராக முடியாவிடினும், நல்ல ஆட்டக்காரராக இருக்க முடியும். பிறர் இழிவுபடுத்தப்படும்போது அதில் சேராமல் நெறியாளருக்குத் தெரிவிப்பதும் தொண்டே. ஆனால், எவரேனும் மிரட்டினாலோ, படம் கேட்டாலோ, வீட்டு முகவரி கேட்டாலோ, நேரில் வரும்படி அழைத்தாலோ, அது நெறியாளரோடு நிற்க வேண்டிய செய்தி அன்று. பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ உடனே கூற வேண்டும். சிறார் உதவி எண் 1098. இணையக் குற்ற உதவி எண் 1930.

ஆட்டத்தில் வெல்பவரின் பெயர் பட்டியலின் முதலிடத்தில் நிற்கும். நெறியாளரின் பெயர் எப்பட்டியலிலும் இராது. ஆனால், நேற்று அழுதுகொண்டே வெளியேறிய ஒரு சிறுமி இன்று மீண்டும் ஆட வந்தால், அதற்கு அவர் காரணமாக இருந்திருக்கலாம்.

சொல்லும் பொருளும்

பூசல் – சண்டை
மனமுவந்து – விருப்பத்தோடு
முறையீடு – புகார்
வசை – திட்டு
துலாக்கோல் – தராசு
வாரியம் – நிர்வாகக் குழு
தன்னார்வலர் – தாமாக முன்வந்து பணி செய்பவர்

இலக்கணம் அறிவோம்

பெறா நடுவர் – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ‘பெறாத’ என்பதன் இறுதி எழுத்து கெட்டு ‘பெறா’ என நின்றது. இதுபோல் ஓடாத குதிரை – ஓடாக் குதிரை.

பயிற்சி

அ) குறுவினா
1. ‘மட்’ ஆட்டத்தில் மந்திரவாதி பெற்ற ஆற்றல்கள் யாவை?
2. ஹாபிடட் உலகில் பூசல் எவ்வாறு தீர்க்கப்பட்டது?
3. கட்டியங்காரனோடு நெறியாளர் ஒப்பிடப்படுவது ஏன்?

ஆ) சிந்தனை வினா
குற்றம் செய்தவர் நெறியாளரின் நெருங்கிய நண்பர். நெறியாளர் என்ன செய்ய வேண்டும்? காரணத்துடன் எழுதுக.

இ) பேச்சுவழக்கை எழுத்துவழக்காக மாற்றுக
1. நீ ஏன்டா அவன திட்டுன?
2. அவங்க சொல்றத மொதல்ல கேளு.
3. நாளைக்கு வெளையாட வரமாட்டியா?

ஈ) செயல்பாடு
உம் வீட்டிலும் தெருவிலும் ஒருவரையொருவர் அழைக்கப் பயன்படுத்தும் சொற்களைத் தமிழ், கன்னடம் ஆகிய இரு மொழிகளிலும் தொகுக்கவும். ஒவ்வொரு சொல்லையும் யார் யாரிடம் கூறலாம், யாரிடம் கூறலாகாது என்று வீட்டில் உள்ள பெரியோரிடம் கேட்டு எழுதுக.