தூக்குநூலின் முன் நிற்பவர்

அன்புள்ள யாழினி,

அடுத்த வாரம் உனக்கு ஓபி போஸ்டிங் தொடங்குகிறது என்று உன் அப்பா போனில் சொன்னான். மதிப்பீட்டுப் படிவத்தை இப்போது மனப்பாடம் செய்துகொண்டிருப்பாய். செய். ஆனால் நோயாளி அந்த வரிசைப்படி வந்து நிற்க மாட்டார்.

அவர் உன் எதிரே உட்காரும் முன்பே பார்க்கத் தொடங்கிவிடு. வாசலில் செருப்பைக் கழற்றும்போது எந்தக் காலில் நின்றார், சுவரைப் பிடித்தாரா, பெஞ்சிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றினாரா என்று கவனி. "கொஞ்சம் நில்லுங்க, பார்க்கணும்" என்று நீ சொன்ன நொடியில் இதெல்லாம் மறைந்துவிடும். பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் யார்தான் நிமிர்ந்து நிற்க மாட்டார்கள்? கழற்றி வைத்த செருப்பையும் ஒருமுறை பார். குதிகாலின் வெளியோரம் கொஞ்சம் தேய்வது சகஜம். இரண்டும் வேறு வேறு விதமாகத் தேய்ந்திருந்தால் காரணம் தேடு.

பிறகு பேச விடு, குறுக்கே பேசாதே. வலிக்கும் இடத்தைக் கையால் காட்டச் சொல். ஒரு விரலால் ஒரே புள்ளியைத் தொட்டுக் காட்டுகிறவரும், உள்ளங்கையைப் பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை இழுத்துக் காட்டுகிறவரும் சொல்வது வெவ்வேறு கதை. எப்போது கூடுகிறது, எப்படி இருந்தால் குறைகிறது, என்ன வேலை செய்கிறார் என்று கேள். காலையில் எழுந்ததும் முதுகு விறைத்து அரைமணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அழற்சி சார்ந்த மூட்டுநோயை நினைத்துக்கொள். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, படுத்தாலும் தணியாத இரவு வலி ஆகியவற்றைக் கேட்காமல் விடாதே. முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. உட்காரும் இடம் மரத்துப்போய், சிறுநீர் போவதிலும் சிக்கல் என்று ஒருவர் சொன்னால் மற்ற சோதனைகளை எல்லாம் அப்படியே வைத்துவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடு. அது அன்றைக்கே பார்க்க வேண்டிய அவசரம்.

இனி நிற்கும் நிலை. அதைப் பார்க்க நூலில் கட்டிய ஒரு தூக்குக்குண்டு வேண்டும். கொத்தனார் பிடிக்கும் அதேதான், ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். வெறுங்காலுடன், நேரே பார்த்தபடி, வழக்கம்போல் நிற்கச் சொல். பக்கவாட்டில் பார்க்கும்போது நூலை வெளிக்கணுக்காலுக்குச் சற்று முன்னால் வைத்துத் தொடங்கு, காதிலிருந்து அல்ல. தரையில் ஊன்றியிருப்பது பாதம் மட்டும்தான். மற்றதெல்லாம் அதன் மேல் சாய்ந்தோ நிமிர்ந்தோ நிற்கிறது. அங்கிருந்து முழங்கால் மூட்டின் நடுவுக்குச் சற்று முன்னாலும், இடுப்பு மூட்டுக்குச் சற்றுப் பின்னாலும் ஏறி, தோள் மூட்டின் நடுவே போய், காதுமடலைத் தொட வேண்டும். பின்னாலிருந்து பார்க்கும்போது தோள்பட்டை எலும்புகளின் கீழ்முனை, இடுப்பெலும்பின் விளிம்பு, முழங்கால் மடிப்பு என்று இருபக்கமும் ஒப்பிடு.

சேலை கட்டி வரும் அம்மாக்களின் முதுகைப் பார்ப்பது எளிதல்ல. எதற்காகப் பார்க்கிறாய் என்று முதலில் சொல்லி, அனுமதி கேட்டு, திரையை இழுத்துவிடு. முந்தானையை ஒதுக்குவதும் கழுத்தை மறைக்கும் கொண்டையைத் தூக்குவதும் அவர்கள் கையாலேயே நடக்கட்டும். தயங்கினால் அன்றைக்கு வேண்டாம்.

மாணவர்கள் பலரும் ஆர்வத்தோடு எழுதும் 'குறை' ஒன்று உண்டு: வலது தோள் தாழ்ந்திருக்கிறது. வலதுகைப் பழக்கமுள்ளவர்களில் பலருக்கு அப்படித்தான் இருக்கும். அதனால்தான் வலியா என்பது வேறு கேள்வி. முதுகு வளைந்திருப்பதுபோல் தோன்றினால், அந்த வளைவு உண்மையானதா என்று பார்க்கக் குனியச் சொல். ஒருபக்க விலா மேடிட்டால் முதுகுத்தண்டு திருகியிருக்கலாம். எக்ஸ்ரேயில் 10 டிகிரியோ அதற்கு மேலோ வளைவு இருந்தால்தான் அதற்கு ஸ்கோலியோசிஸ் என்று பெயர். நிற்கும்போது தெரிகிற கோணல் உட்கார்ந்ததும் மறைந்தால் கால் நீளத்தைச் சந்தேகி. இடுப்பின் முன் எலும்பு முனையிலிருந்து உள்கணுக்கால் வரை டேப்பால் அள.

நூலுக்கு அப்பால் நிற்கிறவர்களில் எத்தனையோ பேருக்கு வலியே கிடையாது. நூல் பிடித்தாற்போல் நிற்கிறவர்கள் வலியோடு வருவதும் உண்டு. அதனால் "உங்க முதுகு கோணல்" என்று சொல்லிவிடாதே. அந்த ஒரு வரியை வீட்டுக்கு எடுத்துப்போய்க் குனியவே பயப்படுவார். சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்: தலையை மெதுவாகப் பின்னுக்கு இழுக்கச் சொல், அல்லது நாற்காலியில் முதுகுக்குப் பின்னால் துண்டைச் சுருட்டி வை. வலி மாறினால் அந்த நிலைக்கும் வலிக்கும் தொடர்பு இருக்கலாம். மாறவில்லையா, தோரணையை விட்டு அசைவையும் வலுவையும் பார்.

வலுவுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. புவியீர்ப்பை எதிர்த்து முழு அசைவும் முடிந்தால் 3. மற்ற எண்களை அதற்குக் கீழும் மேலுமாக நினைவில் வைத்துக்கொள். போலியோ பரவிய 1910களில் பாஸ்டனில் ராபர்ட் லோவெட்டும் அவரோடு பணியாற்றிய வில்ஹெல்மின் ரைட்டும் தசைகளை இப்படிப் புவியீர்ப்பை வைத்துச் சோதிக்கத் தொடங்கினார்கள். மூட்டசைவின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரில் 5 டிகிரி முன்பின் ஆனால் முன்னேற்றம் என்று மகிழாதே. அது அளந்த கையின் வேறுபாடாகவும் இருக்கலாம்.

எண்களோடு இன்னொன்றையும் எழுதிவை: இப்போது அவரால் செய்ய முடியாத ஒரு வேலை, அவர் சொன்ன வார்த்தையிலேயே. குத்தவைத்து உட்கார முடியவில்லை, குடம் தூக்க முடியவில்லை, பஸ் படி ஏற முடியவில்லை என்று. அடுத்த முறை வரும்போது முதலில் அதைக் கேள். டேப்பையும் கோனியோமீட்டரையும் அதற்குப் பிறகு எடுக்கலாம்.

அன்புடன்,
அத்தை