வளையும் அறிவே வளரும் அறிவு

மனித மனம் பழகிய பாதையிலேயே செல்ல விரும்பும் இயல்புடையது. ஒருமுறை ஒரு வழியில் வெற்றி கிடைத்துவிட்டால், அடுத்த முறையும் அதே வழியையே அது நாடுகிறது. இவ்வியல்பால் நேரமும் உழைப்பும் மிச்சமாகின்றன என்பது உண்மையே. ஆயினும், சூழ்நிலை மாறிய பின்னரும் பழைய வழியையே பற்றிக்கொண்டிருந்தால், நேற்று உதவிய பழக்கமே இன்று தளையாகிவிடுகிறது. மாறிய நிலையை உணர்ந்து, பழகிய முறையை விடுத்து, வேறு கோணத்திலிருந்து சிந்திக்கும் ஆற்றலைச் சிந்தனை நெகிழ்வு எனலாம்.

மாணவப் பருவத்தில் ஈட்ட வேண்டிய செல்வங்களுள் இது முதன்மையானது. பள்ளியில் எப்போதும் முதலிடம் பெற்றுவந்த மாணவர், உயர்கல்வியில் ஒருமுறை தோல்வி கண்டதும் நிலைகுலைந்துபோவதைச் சமூகத்தில் காண்கிறோம். அவரிடம் அறிவுக் குறைவு எதுவுமில்லை. ஒரு வழி அடைபட்டால் மறுவழி தேடும் பயிற்சியே அவருக்கு வாய்க்கவில்லை.

வெற்றியே தளையாகும் விதம்

1942-ஆம் ஆண்டில் ஆபிரகாம் லூச்சின்ஸ் என்னும் உளவியல் அறிஞர் வெளியிட்ட ஆய்வு இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுகிறது. மூன்று ஜாடிகள், அவற்றின் கொள்ளளவு முறையே 21, 127, 3. இவற்றைக் கொண்டு 100 அளவு நீரைப் பெற வேண்டும். நடுவிலுள்ள பெரிய ஜாடியை நிரப்பி, அதிலிருந்து முதல் ஜாடியால் ஒருமுறையும் மூன்றாம் ஜாடியால் இருமுறையும் நீரை எடுத்துவிட்டால் 100 எஞ்சும். இதே முறையில் விடை கிடைக்கும் ஐந்து கணக்குகள் அடுத்தடுத்துக் கொடுக்கப்பட்டன.

பிறகு 23, 49, 3 ஆகிய அளவுள்ள ஜாடிகளால் 20 அளவு நீர் கேட்கப்பட்டது. முதல் ஜாடியை நிரப்பி மூன்றாம் ஜாடியால் ஒருமுறை எடுத்தாலே போதும். ஆனால் பெரும்பாலோர் பழைய நீண்ட வழியையே பின்பற்றினர். முன்பயிற்சி பெறாமல் இக்கணக்கை நேரடியாக அணுகியவர்களோ எளிய வழியை உடனே கண்டுகொண்டனர்.

அடுத்து வந்த மற்றொரு கணக்கில் 28, 76, 3 என்ற ஜாடிகளால் 25 அளவு பெற வேண்டியிருந்தது. இங்குப் பழைய முறை விடை தராது. 28-இலிருந்து 3-ஐ எடுப்பதே வழி. ஒரு சிறுவனும் செய்யக்கூடிய இக்கழித்தல், பழைய முறையில் ஊறியவர்களுள் பலருக்குப் புலப்படவே இல்லை. “கண்மூடித்தனமாகச் செயல்படாதீர்கள்” என்று இடையில் நினைவூட்டப்பட்டபோது மட்டும் பலர் விழிப்படைந்தனர்.

இதில் ஓர் ஆழ்ந்த பாடம் உள்ளது. பழக்கத்தில் ஆழ்ந்த மனம் தன் தளையைத் தானே காண்பது அரிது. தட்டி எழுப்ப வெளியிலிருந்து ஒரு குரல் தேவைப்படுகிறது. நல்ல குழு அத்தகைய குரலாக அமைகிறது.

பங்கிட்டுக் கற்கும் வகுப்பறை

1971-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெவ்வேறு இனப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டபோது பகைமை தலைதூக்கியது. எலியட் ஆரன்சன் என்னும் உளவியல் அறிஞரும் அவருடைய மாணவர்களும் அங்குப் புதிய கற்பித்தல் முறையொன்றை வகுத்தனர். ஐந்தாறு பிள்ளைகள் கொண்ட குழுவில் ஒவ்வொருவருக்கும் பாடத்தின் ஒரு பகுதி மட்டுமே தரப்படும். அவர் அதைக் கற்று மற்றவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். தேர்வோ முழுப்பாடத்திலும் நடக்கும். ஆகவே, யாரை ஏளனம் செய்தார்களோ, அவர் சொல்வதையே கவனித்துக் கேட்க வேண்டிய நிலை பிள்ளைகளுக்கு ஏற்பட்டது. துண்டுகளைச் சேர்த்துப் படம் அமைக்கும் புதிரை ஒத்திருந்ததால் இது ‘ஜிக்சா வகுப்பறை’ எனப் பெயர் பெற்றது.

குழுவினரிடையே வெறுப்புத் தணிந்தது. அத்துடன், ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடம் பின்னர் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், எட்டு வாரங்கள் இம்முறையில் பயின்றவர்கள் பிறருடைய நிலையில் நின்று ஒரு நிகழ்ச்சியைக் காணும் ஆற்றலில் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தனர். பிறரைப் புரிந்துகொள்ள முயலும்போது அறிவும் விரிவடைகிறது என்பதற்கு இது சான்றாகும்.

நம் முன்னோரின் நெறி

பாரதத்தின் கல்வி மரபு இதனை நெடுங்காலத்திற்கு முன்பே உணர்ந்திருந்தது. நியாய தரிசனம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையை அறிய விழைவோர் நடத்துவது வாதம். வெற்றியை மட்டுமே நாடுவது ஜல்பம். தனக்கென ஒரு கொள்கையை நிலைநாட்டாமல் பிறர் கருத்தைத் தகர்ப்பதையே நோக்கமாகக் கொண்டது விதண்டை. மேலும், தன் முடிவைக் கூறுமுன் மாற்றுக் கருத்தைப் ‘பூர்வபட்சம்’ என முன்வைப்பது சாஸ்திர நூல்களின் முறையாகும். எதிர்த்தரப்பின் வலிமையை உணர்ந்த பின்னரே தன் தரப்பை நிறுவ வேண்டும் என்பது எத்தகைய மனப்பயிற்சி!

இன்றைய மாணவர்களுக்கும் களங்கள் உள்ளன. 1969-ஆம் ஆண்டில், காந்தியடிகளின் நூற்றாண்டை ஒட்டி, 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களுடன் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. ‘நான் அல்ல, நீ’ என்பது அதன் குறிக்கோள் உரை. கிராம முகாமில் ஏரிக் கால்வாயைத் தூர்வாரச் செல்லும் பொறியியல் மாணவர் வரைபடத்தில் சரிவைத் தேடுவார். ஊர் முதியவரோ மழைக்காலத்தில் நீர் வந்த தடத்தைக் கைகாட்டுவார். இரண்டையும் இணைக்கக் கற்றுக்கொண்ட மாணவரே முழுமையான கல்வி பெற்றவராவார்.

எதில் வளைய வேண்டும்?

நெகிழ்வு என்பது கொள்கையற்ற தன்மை அன்று. காற்றில் கிளைகள் அசையலாம். வேர் அசைந்தால் மரம் வீழ்ந்துவிடும். வாய்மை, நேர்மை, கருணை ஆகியவை வேர்கள். செயல்முறைகளும் திட்டங்களும் கருத்துகளும் கிளைகள். தேர்வில் தோற்ற மாணவர் படிக்கும் முறையை மாற்றிக்கொள்வது நெகிழ்வு. குறுக்கு வழியை நாடுவது வீழ்ச்சி. அவ்வாறே, அனைவரும் ஒரே குரலில் தலையசைக்கும் குழுவும் குழுவாகாது. மாற்றுக் கருத்துக்கு இடமில்லாத இடத்தில் பலர் கூடியிருந்தாலும் சிந்திப்பது ஒரே மனமாகத்தான் இருக்கும்.

மூன்று பயிற்சிகள்

மாணவர்களும் அவர்களை வழிநடத்துவோரும் இம்மூன்றையும் கடைப்பிடிக்கலாம். முதலாவது, ஒரு கணக்குக்கு விடை கண்டவுடன் நின்றுவிடாமல், வேறொரு வழியிலும் அதே விடையை அடைய முயல்வது. இரண்டாவது, கலந்துரையாடலில் தன் கருத்தைக் கூறுமுன், முன்னவர் கூறியதை அவரே ஏற்கும் வண்ணம் எடுத்துரைப்பது. மூன்றாவது, குழுப்பணியில் எப்போதும் ஒரே பொறுப்பை ஏற்காமல், பேசுபவர் எழுதுபவராகவும், தலைமை தாங்குபவர் தொண்டராகவும் முறை மாறிக்கொள்வது.

இரவில் உறங்குமுன் நிகழும் ஆத்ம பரிசோதனையில் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்வது நலம்: “இன்று பிறர் சொல்லக் கேட்டு நான் திருத்திக்கொண்ட கருத்து எது?” பல நாட்கள் தொடர்ந்து விடை இல்லையெனில், மனம் எங்கோ ஒரு பழைய ஜாடிக் கணக்கிலேயே தங்கிவிட்டது என்று பொருள். விடை கிடைக்கும் நாளெல்லாம் அகங்காரம் சிறிது கரைந்த நாள். அறிவு சிறிது வளர்ந்த நாள்.